ஒரே நிலத்த ஆறு பேர் கேட்டா எப்படி முடிவு பண்றது? பள்ளிக்கரணைய வெச்சு புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

மாஸ்டர் பிளான், நிலப்பயன்பாடுன்னு பேச்சு எடுத்தாலே அது இன்ஜினியருங்க வேலை, நமக்கெதுக்குன்னு பலபேர் ஒதுங்கிடறாங்க. ஆனா எந்த சர்வே நம்பர் குடியிருப்பு, எது திறந்தவெளி, எது நீர்நிலைன்னு ஒரு மேப்புல கலர் அடிச்சு வெக்கிறாங்க பாருங்க, அடுத்த இருபது வருஷத்துக்கு நம்ம வீட்டு ஹால்ல தண்ணி வருமா வராதாங்கறத அந்தக் கலர்தான் சொல்லுது. சென்னைக்கு 2008-ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான், மூணாவதுக்கு வேலை நடக்குது. அதனால வார்டு நலச்சங்கத்துல இருக்கறவங்க, காலேஜ்ல ஜியாகிரபி பிளானிங் படிக்கற பசங்க, ஏரி காப்பாத்தணும்னு ஞாயித்துக்கிழமை வந்து நிக்கறவங்க, எல்லாரும் இத கத்துக்கணும்னு நான் நெனைக்கறேன், அதுக்காகத்தான் இத எழுதறேன்.

நான் தென்சென்னை ஆளு. நாங்க ஒரு சின்ன குழுவா சில வருஷமா பள்ளிக்கரணைக்கு தண்ணி கொண்டுவர்ற ஏரிங்கள சுத்திட்டு இருக்கோம். அதனால உதாரணம் எல்லாம் அங்கிருந்துதான் வரும். உங்க ஊர்ல ஏரி வேற, மலை வேற, மில்லு வேற இருக்கலாம், வேலை செய்யற முறை ஒண்ணுதான்.

பள்ளிக்கரணைய பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம். நகரத்துக்குத் தெற்க, வேளச்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவுல பரந்து கிடக்கற சதுப்பு, பழைய ஆளுங்க வாயில அது எப்பவும் கழுவெளிதான். 1960-கள்ல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்தது, இப்ப சதுப்பா மிஞ்சினது கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குன்னு சொல்லுவாங்க. நடுவால துரைப்பாக்கம் பல்லாவரம் 200 அடி ரோடு போகுது, ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் ஐடி கம்பெனிங்க, ஆராய்ச்சி நிறுவனங்க, சுத்தி அப்பார்ட்மெண்ட்டு. 2007-ல 317 ஹெக்டேர காப்புக்காடா அறிவிச்சாங்க, 2022-ல சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தளமாச்சு, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல சேந்துச்சு. இந்த ராம்சார் எல்லை வனத்துறை கையில இருக்கற நிலத்தவிட பெருசு, உள்ள தனியார் பட்டா நிலமும் வருது. இப்ப புரியுதா, ஏன் இத உதாரணமா எடுக்கறேன்னு? பறவை, வெள்ளம், வீடு, வேலை, குப்பை, ரோடு, எல்லாரும் ஒரே தரைய கேக்கற இடம் இது.

முதல் படி: எல்லைய தண்ணிகிட்ட கேளுங்க

புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற முதல் வேலை வார்டு மேப்ப எடுத்து அதுக்குள்ள இருக்கறத கலர் பண்றது. தண்ணிக்கு வார்டு எல்லை தெரியாதுங்க. செம்பாக்கம் ஏரி நிரம்பினா நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, அப்புறம் நாராயணபுரம், அப்புறம் கழுவெளி. நாலு ஏரி தாண்டி மேல ஒருத்தர் கலங்கல் (ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி வழிஞ்சு போற இடம்) பக்கத்துல மண்ணடிச்சா அதோட விளைவு கீழ யாரோ வீட்டு படிக்கட்டுல தெரியும். அதனால முதல்ல நீர்ப்பிடிப்பு எல்லைய வரைங்க. பள்ளிக்கரணைக்கு அது சுமார் 250 சதுர கிலோமீட்டர். அவ்வளவு தண்ணிக்கும் முக்கியமான வெளிவாசல் ஒக்கியம் மடுவுதான், அது பக்கிங்ஹாம் கால்வாய்ல போய் சேர்ந்து தெற்க ஓடி முட்டுக்காடு பக்கம் கடல பாக்கும்.

இங்க ஒரு கணக்கு போடுங்க, நோட்டுல கையால போடுங்க. 250 சதுர கி.மீ. மேல 100 மில்லிமீட்டர் மழை பெஞ்சா எவ்வளவு தண்ணி? 2.5 கோடி கன மீட்டர். அதுல பாதி மண்ணுல ஏரில நின்னுடுச்சுன்னு வெச்சுக்கிட்டா கூட மீதி 1.25 கோடி. அத ராம்சார் எல்லை மொத்தத்துலயும் பரப்பினா 1 மீட்டர் உயரம் நிக்கும். அதே தண்ணி அந்தக் காலத்து 5,000 ஹெக்டேர்ல பரவியிருந்தா கால் மீட்டர்தான், முட்டிக்கு கீழ. மடுவு வழியா வெளிய போறது இந்தக் கணக்குல இல்ல, அதனால இது தோராயம்தான், ஆனா கடல்ல அலை ஏறி நிக்கற நேரத்துல மடுவு மெதுவாதான் இழுக்கும், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. சென்னைல வருஷத்துக்கு சுமார் 1,400 மி.மீ. மழை, அதுல பெரும்பங்கு வடகிழக்கு பருவமழை நேரத்துல சில நாள்ல கொட்டிடும். ஒரு நாள்ல 100 மி.மீ. இங்க அதிசயமே இல்ல.

கூட்டத்துல இந்த ஒரு கணக்க சொன்னாலே பேச்சு மாறும். அதனாலதான் எல்லைய முதல் படியா வெக்கறேன், எல்லை தப்பா இருந்தா கணக்கு வராது, கணக்கு இல்லன்னா வெறும் கோபம்தான் மிஞ்சும்.

ரெண்டாவது: காகிதம் சேக்கறது

இது போரடிக்கற வேலை, ஆனா விட்டுடாதீங்க. அரசு இ-சேவை தளத்துல பட்டா சிட்டா, அ-பதிவேடு (ஊர்ல உள்ள நிலங்களோட பட்டியல்), எஃப்எம்பி ஸ்கெட்ச் (ஒரு சர்வே நம்பரோட அளவுப் படம்) எடுக்கலாம். கிராம வரைபடம் தாலுகா ஆபீஸ்ல கேளுங்க, சர்வே ஆஃப் இந்தியா டோபோஷீட் (மேடு பள்ளம், நீர்நிலை எல்லாம் காட்டற மேப்) பழசும் புதுசும் ரெண்டும் வேணும். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிலப்பயன்பாட்டு மேப்ப சர்வே நம்பரோட சேத்து பாருங்க. பழைய ரெக்கார்டு முக்கியம், ஏன்னா 1980-கள்ல யுடிஆர்னு நிலப்பதிவேட புதுப்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி செட்டில்மெண்ட் பதிவேட்டுல ஏரி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு, கழுவெளின்னு இருந்தது பின்னாடி என்னவா மாறியிருக்குன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாத்தாதான் தெரியும். கிடைக்கலன்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐ போடுங்க.

பட்டா இருந்தா நிலம் யாருதுன்னு தெரியும், அங்க தண்ணி நிக்குமா நிக்காதான்னு பட்டா சொல்லாது. இத ஒரு துண்டு பேப்பர்ல எழுதி லேப்டாப்ல ஒட்டிக்கோங்க.

சாட்டிலைட் படம் எடுக்கறப்ப மாசத்த பாருங்க. மே மாசப் படத்துல கழுவெளி காஞ்ச புல்தரை மாதிரி இருக்கும், அத காட்டி இது தரிசுங்கன்னு சொல்றவங்கள நான் நேர்ல பாத்திருக்கேன். டிசம்பர் ஜனவரி படம் எடுங்க. சென்டினல்-2 படம் ஒரு புள்ளிக்கு 10 மீட்டர்ங்கற அளவுல இலவசமா கிடைக்குது, 2015-க்கு அப்புறம் உள்ளது. அதுக்கு முன்னாடி வேணும்னா லேண்ட்சாட், 1970-கள்ல இருந்து இருக்கு. நவம்பர்ல மேகம் மறைச்சா சென்டினல்-1 ரேடார் படத்துல தண்ணி கறுப்பா தனியா தெரியும். எல்லாத்தையும் கியூஜிஐஎஸ்னு ஒரு மேப் சாஃப்ட்வேர்ல அடுக்கலாம், அதுவும் இலவசம், யூடியூப்ல தமிழ்லயே சொல்லித்தராங்க.

ஒரு எச்சரிக்கை. இலவசமா கிடைக்கற எஸ்ஆர்டிஎம் உயர டேட்டாவ நம்பி பள்ளிக்கரணை மாதிரி தட்டையான இடத்துல பள்ளம் மேடு பிரிக்காதீங்க. அதுல சில மீட்டர் தப்பு சாதாரணமா வரும், கட்டட மொட்டைமாடியையும் மரத்து தலையையும் தரைன்னு எண்ணிக்கும். நமக்கு இங்க அரை மீட்டர் வித்தியாசம்தான் வாழ்வா சாவா. அதுக்கு அடுத்த படிதான் மருந்து.

மூணாவது: நடங்க, ரெண்டு தடவ நடங்க

ஒரு தடவ மே மாசம், ஒரு தடவ மழை நேரத்துல. மே மாசத்துல வரத்துக்கால் (ஏரிக்கு தண்ணி வர்ற கால்வாய்) எங்க அடைஞ்சிருக்கு, ரோட்டுக்கு அடியில தண்ணி போற கல்வெர்ட் குழாய் எத்தனை அங்குலம், கலங்கல் உயரத்த யாராவது சிமெண்ட் வெச்சு ஏத்தியிருக்காங்களா, மதகு வேலை செய்யுதா, இதெல்லாம் பாக்கலாம். மழைக்கு அப்புறம் போனா தண்ணி எங்க நிக்குது எந்தப் பக்கம் ஓடுது, எத்தனை நாள் நிக்குது.

அதோட வீட்டுச் சுவர பாருங்க. ஒரு ஏரிக்கரை தெருவுல ஒரு அம்மா எங்கள உள்ள கூப்பிட்டு ஹால் சுவர காட்டினாங்க. சாமி படத்துக்கு கீழ பென்சில்ல ரெண்டு கோடு. மேல இருக்கறது 2015, கீழ இருக்கறது 2023 மிக்ஜாம் புயல். வெள்ளையடிக்கறப்ப கூட அந்த ரெண்டு கோட்ட விட்டு அடிக்கச் சொன்னாங்களாம். நாங்க டேப் வெச்சு தரையில இருந்து அளந்து, தெருவுல இருந்து அவங்க வாசப்படி எவ்வளவு உயரம்னும் அளந்துக்கிட்டோம். இந்த மாதிரி முப்பது வீடு அளந்தா போதுங்க, எந்த சாட்டிலைட்டும் குடுக்க முடியாத வெள்ள மட்ட மேப் உங்க கையில. ஒவ்வொரு அளவுக்கும் இடம், எந்த வெள்ளம், யாரோட அனுமதியோட எடுத்தோம், எல்லாம் எழுதி வைங்க, ஆனா வீட்டுக்காரர் பேர பொது அறிக்கைல போடாதீங்க.

எருமை மேய்க்கறவங்ககிட்ட, மீன் பிடிக்கறவங்ககிட்ட பேசறது ரொம்ப முக்கியம். ஒரு பெரியவர்கிட்ட நான் விவரம் தெரியாம, "இங்க தண்ணி எப்பய்யா வரும்?"னு கேட்டேன். அவர் சொன்னார், "தம்பி, இது கழுவெளி. தண்ணி இங்க வர்றதில்ல, தண்ணி இங்கதான் இருக்கும். நாமதான் வந்து வந்து போறோம்." நான் அன்னைக்கு நோட்டுல எழுதின நாலு பக்கத்துல இந்த ரெண்டு வரி இன்னைக்கும் எனக்கு வேலைக்கு ஆகுது.

நாலாவது: யார் என்ன கேக்கறாங்க, ஏன் கேக்கறாங்க

கோரிக்கை வேற, தேவை வேற. இத பிரிக்கத் தெரிஞ்சாதான் மேல போக முடியும்.

அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்காரங்க வந்து கால்வாய அகலமா வெட்டி ரெண்டு பக்கமும் கான்கிரீட் போடுங்கம்பாங்க. அது கோரிக்கை. தேவை என்னன்னா வீட்டுக்குள்ள தண்ணி வரக்கூடாது, கார் மூழ்கக்கூடாது, லிஃப்ட் நிக்கக்கூடாது. அந்தத் தேவைக்கு மேல இருக்கற ஏரில தண்ணிய இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சு வெக்கறதும் பதிலா இருக்கலாம். மீன் பிடிக்கறவருக்கு கான்கிரீட் கால்வாய் வந்தா பொழப்பு போச்சு. ஐடி கம்பெனில வேலை பாக்கற பொண்ணுக்கு ரோடு வேணும், ஏன்னா தினமும் ரெண்டு மணி நேரம் பஸ்ல போகுது. மாநகராட்சிக்கு குப்பை கொட்ட இடம் வேணும். பெருங்குடில 1980-கள்ல இருந்து கொட்டினத பயோமைனிங் பண்ணி, அதாவது பழைய குப்பைய தோண்டி தரம் பிரிச்சு, எடுக்கறாங்க, அப்படி மீட்ட தரைய யாருக்கு குடுக்கறதுங்கறதே தனிப் பஞ்சாயத்து. அது சதுப்போட நிலம், சதுப்புக்கே திரும்பிப் போகணும்ங்கறது என் கருத்து.

அப்புறம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இத பத்தி பேசாம இந்தப் பகுதிய பத்தி பேசவே கூடாது. நகரத்துக்குள்ள ஆத்தோரம் இருந்தவங்கள வெள்ளத்துல இருந்து காப்பாத்தறோம், நீர்நிலைய மீக்கறோம்னு சொல்லி கூட்டிட்டு வந்து தாழ்வான இந்தப் பக்கம் அடுக்குமாடில வெச்சாங்க. கூவம், அடையாறு ஆறுங்கள மீக்கறதுங்கற ஒரு நோக்கத்துக்கு மார்க் கிடைச்சுது. அந்தக் குடும்பங்களோட வேலை, பசங்க ஸ்கூல், பஸ்சு, மழைக்காலத்துல அவங்க தெருவுல நிக்கற தண்ணி, இதெல்லாம் யாரோட கணக்குலயும் ஏறல. வீட்டுவேலைக்கு போற அக்கா ஒருத்தங்க முன்னாடி நடந்து போன வேலைக்கு இப்ப ரெண்டு பஸ் மாத்தறாங்க. ஒரு நோக்கத்தோட செலவ இன்னொரு ஆளு தலைல இறக்கி வெச்சுட்டு இது பேலன்ஸ்னு சொல்றது பெரிய அநியாயம். அதனால உங்க லிஸ்ட்ல ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்துல ரெண்டு காலம் போடுங்க: இது நடந்தா யாருக்கு லாபம், இது நடந்தா யார் தலைல செலவு.

கூட்டத்துக்கு வர முடியாதவங்கள நீங்க தேடிப் போகணும். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி கூட்டத்துக்கு குப்பை பொறுக்கறவங்களும் வீட்டுவேலை செய்யறவங்களும் வர மாட்டாங்க. கூழைக்கடாவும் பூநாரையும் நீலத்தாழைக்கோழியும் வராது, அதுங்களுக்காக பறவை கணக்கெடுக்கறவங்க யாரையாவது உக்கார வைங்க.

அஞ்சாவது: எதுக்கு மார்க் போடவே கூடாதுன்னு முதல்ல பிரிங்க

இந்தக் கட்டுரைல ஒரு படிய மட்டும் படிக்க நேரம் இருக்குன்னா இத படிங்க.

வழக்கமா சொல்லித்தர்ற முறை என்னன்னா, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு நோக்கத்துக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டு கூட்டி சராசரி எடுக்கறது. நாங்களும் முதல் தடவ அப்படித்தான் பண்ணோம். பழக ஒரு கற்பனை உதாரணம் சொல்றேன். நிலம் அ: வீடு கட்ட 9, ரோடு வசதி 8, வேலைவாய்ப்பு 8, பறவைக்கு பாதிப்பில்லாம 4, வெள்ளத்துக்கு பாதிப்பில்லாம 1. கூட்டினா 30, சராசரி 6. நிலம் ஆ: 6, 5, 5, 6, 8. கூட்டினா அதுவும் 30, சராசரி 6. பேப்பர்ல ரெண்டும் சமம். ஆனா அ-ல கட்டினா தண்ணி போற வழிய அடைச்சு மேல இருக்கற நானூறு வீட்ட மூழ்கடிக்கும். அந்த ஒத்த 1-அ மத்த மூணு நல்ல மார்க்கும் சேந்து மறைச்சிடுச்சு. எங்க முதல் மேப்புல ஒரு வரத்துக்கால் மேலயே பச்சை கலர் வந்து "கட்ட ஏத்த இடம்"னு காட்டுச்சு. அந்த இடத்துல நவம்பர்ல இடுப்பளவு தண்ணில நாங்களே நின்னிருக்கோம். அத பாத்துட்டு அன்னைக்கு ராத்திரியே மொத்தத்தையும் அழிச்சுட்டு திருப்பி ஆரம்பிச்சோம்.

அதனால மார்க் ஷீட்ட தொடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மூணு குவியலா போடுங்க.

முதல் குவியல், தாண்டக்கூடாத கோடு. இதுல சட்டம் சொல்றது வரும், இயற்கை சொல்றதும் வரும். 2017 ஈரநில விதிகள் பொருந்தற ஈரநிலத்த வேற பயன்பாட்டுக்கு மாத்தக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, பத்து வருஷ சராசரி உயர் வெள்ள மட்டத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள நிரந்தரக் கட்டடம் கூடாது. ரெண்டாவது மாஸ்டர் பிளான்லயே பள்ளிக்கரணை சதுப்பு, செங்குன்றம் நீர்ப்பிடிப்பு, கடலோர நிலத்தடி நீர் சேர்ற பகுதின்னு தனித்தனியா கட்டுப்பாடு போட்டிருக்கு. இதோட உங்க வெள்ள மட்ட மேப்புல தண்ணி ஓடற வழி, தண்ணி தங்கற பள்ளம், கலங்கல்ல இருந்து அடுத்த ஏரி வரைக்கும் உள்ள போக்குக்கால். இங்கெல்லாம் மார்க் கிடையாது, பேரம் கிடையாது. ஏன்னா போனா திரும்ப வராது. ரோட்ட பத்து வருஷம் கழிச்சு கூட போடலாம். மண்ணடிச்சு தூத்த சதுப்ப அதே சதுப்பா திரும்ப கொண்டுவந்து நான் பாத்ததில்ல.

ரெண்டாவது குவியல், குறைஞ்சபட்சம் இவ்வளவு கிடைச்சே ஆகணும்ங்கறது. குடிதண்ணி, ஏற்கனவே குடியிருக்கறவங்களுக்கு வீடு, ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மழைலயும் போகற மாதிரி ஒரு வழி. இதுக்கு ஒரு அளவு வைங்க, அதுக்கு கீழ போற திட்டம் எதுவா இருந்தாலும் வெளிய.

மூணாவது குவியல்தான் நிஜமாவே கூடலாம் குறையலாம்ங்கறது. எத்தனை மாடி, பார்க்கிங் எவ்வளவு, பார்க் எங்க, கடைத்தெரு எந்தப் பக்கம். மார்க் போடறது இதுக்கு மட்டும்.

இப்படி பிரிச்சீங்கன்னா சண்டை பாதி குறைஞ்சிடும், ஆனா மீதி பாதி கூடவும் செய்யும், ஏன்னா முதல் குவியல்ல என்ன வருதுங்கறதுலதான் எல்லா அழுத்தமும் வரும். "இது வெறும் தரிசு, அத மூணாவது குவியல்ல போடுங்க"ன்னு கேப்பாங்க. அப்ப டிசம்பர் சாட்டிலைட் படமும் பென்சில் கோடு அளவும் எடுத்து வைங்க.

ஆறாவது: மார்க் போடறது

மூணாவது குவியலுக்கு எடை, அதாவது எது எவ்வளவு முக்கியம்ங்கற அளவு, குடுக்கறப்ப, ஒரேயடியா பத்து விஷயத்துக்கு சதவீதம் சொல்லுங்கன்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டு ரெண்டா குடுத்து இதுல எது முக்கியம், எவ்வளவு முக்கியம்னு கேளுங்க. 1970-கள்ல தாமஸ் சாட்டிங்கறவர் கொண்டுவந்த முறை இது, ஏஹெச்பின்னு சொல்லுவாங்க. எக்ஸெல்லயே பண்ணிக்கலாம். குழு குழுவா தனித்தனியா கேளுங்க: அப்பார்ட்மெண்ட்காரங்க எடை தனி, மீன் பிடிக்கறவங்க எடை தனி, பெரும்பாக்கம் மக்கள் எடை தனி. எல்லாத்தையும் கலக்கி ஒரே எடையா ஆக்கிடாதீங்க. ஒவ்வொரு குழுவோட எடைக்கும் ஒரு மேப் போட்டு, அந்த மேப்புங்கள சுவத்துல பக்கத்துல பக்கத்துல ஒட்டுங்க. எந்தக் குழு எடை போட்டாலும் ஒரே கலர் வர்ற இடத்துல சண்டையே இல்ல, அத முதல்ல முடிச்சிடலாம். கலர் மாறற இடம்தான் உக்காந்து பேச வேண்டிய இடம், அது நீங்க நெனைச்சத விட சின்னதா இருக்கும். முன்நூறு பேர் கத்தின கூட்டம் கடைசில பன்னெண்டு சர்வே நம்பர பத்தி பேசற கூட்டமா மாறினத நான் பாத்திருக்கேன்.

எடைய கொஞ்சம் மாத்தி மாத்தியும் பாருங்க. 30 போட்டத 25 ஆக்கினதும் முடிவு தலைகீழா மாறுதுன்னா அந்த முடிவு இன்னும் பழுக்கல, அறிக்கைல அத வெளிப்படையா எழுதிடுங்க.

ஏழாவது: முட்டிக்கிட்ட இடத்துல என்ன பண்றது

நாலு வழி இருக்கு. வேற இடம், வேற நேரம், வேற மாதிரி, இல்ல நஷ்டஈடு.

வேற நேரம்ங்கறது நம்ம ஊருக்கு பழகினதுதான். வெயில் காலத்துல காஞ்ச ஏரில ஆடு மாடு மேயும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, வண்டல் எடுத்து வயலுக்கு போடுவாங்க, மழைக்காலத்துல அதே இடத்துல தண்ணி. ஒரே நிலம், ரெண்டு வேலை, ஒருத்தரும் தோக்கல. விளையாட்டு மைதானத்த தெருவவிட தாழ்வா வெச்சா அது மழை நாள்ல தொட்டி. மாநகராட்சி சில பார்க்ல ஸ்பாஞ்ச் பார்க்னு தண்ணி தாங்கற பள்ளம் வெட்டியிருக்கு, அந்த யோசனைய உங்க பிளான்ல கேளுங்க. ஒரு ஹெக்டேர்ல ஒரு மீட்டர் தண்ணி பிடிச்சா ஒரு கோடி லிட்டர், 12,000 லிட்டர் லாரில எண்ணூறு லோடுக்கு மேல. வெயில் காலத்துல லாரிக்கு காத்து நின்ன தெருக்காரங்களுக்கு இந்தக் கணக்கு சட்டுனு புரியும்.

வேற மாதிரிங்கறது, ரோடு போட்டே ஆகணும்னா மண்கரையா போடாம தூண் மேல போடுறது, இல்ல தண்ணி தாராளமா போற அளவு கல்வெர்ட் வெக்கறது. 200 அடி ரோடு கழுவெளிய ரெண்டா வெட்டினத பாத்துட்டுதான் இத இவ்வளவு அழுத்தமா சொல்றேன்.

நஷ்டஈடு பத்தி மனசார ஒண்ணு சொல்லணும். முதல் குவியல் நிலத்துல பெரிய கம்பெனி மட்டும் இல்ல, பிஎஃப் பணத்த போட்டு ஒரு கிரவுண்ட் வாங்கினவங்களும் இருக்காங்க. அப்ரூவல் இருக்குன்னு காட்டி வித்துட்டுப் போனவர் எங்கயோ இருக்காரு, வாங்கினவர் நம்ம கூட்டத்துல கண்ணு கலங்கி நிக்கறாரு. அவர ஆக்கிரமிப்பாளர்னு கத்தாதீங்க. ரோடு அகலப்படுத்த நிலம் குடுக்கறவங்களுக்கு டிடிஆர்னு வளர்ச்சி உரிமைய வேற இடத்துல பயன்படுத்திக்கற வழி நம்ம கட்டட விதிகள்ல இருக்கு. அந்த மாதிரி ஒண்ண ஈரநிலப் பட்டாக்காரங்களுக்கும் குடுங்கன்னு நீங்களே அவரோட சேந்து கேளுங்க. அவர் உங்க பக்கம் வந்தா எதிர்ப்பு பாதி கரைஞ்சிடும், அதவிட முக்கியம் அது நியாயம்.

எட்டாவது: எழுதிக் குடுக்கறது

நோட்டீஸ் வந்ததும் முதல்ல கெடு தேதிய பாருங்க. 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல மாஸ்டர் பிளான் வரைவுக்கு ஆட்சேபணை, யோசனை சொல்ல பொதுமக்களுக்கு உரிமை இருக்கு. தனித்தனி சர்வே நம்பர நிலப்பயன்பாடு மாத்தறப்பவும் பத்திரிகைல அறிவிப்பு வரும், ஓரத்துல குட்டி எழுத்துல இருக்கும், தினமும் ஒருத்தர் அத பாக்கற பொறுப்ப எடுத்துக்கோங்க.

மனுவுல ஊர் பேர், சர்வே நம்பர், உட்பிரிவு, இப்ப உள்ள வகை, நீங்க கேக்கற வகை, ஏன், இது எல்லாம் ஒரே டேபிள்ல. நாங்க ஒரு தடவ ஏரிய காப்பாத்துங்கன்னு உருக்கமா ஆறு பக்கம் எழுதி 140 கையெழுத்து வாங்கி ஒரு ஆபீஸ்ல குடுத்தோம், சர்வே நம்பர் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த தடவ ரெண்டு பக்கம், ஒரு டேபிள், ஒரு மேப், எட்டு போட்டோ, ஒவ்வொரு போட்டோலயும் தேதி. ரசீது வாங்காம வெளிய வராதீங்க.

எத விட்டுக்குடுக்க தயாரா இருக்கீங்கன்னும் அதுலயே எழுதுங்க. "இந்த எட்டு சர்வே நம்பர்ல கட்டடம் கூடாது, இந்த பதினஞ்சுல கூடுதல் மாடி குடுக்கலாம், மேட்டு நிலம், பஸ் ரூட் பக்கம்"னு சொன்னா படிக்கறவங்க உங்கள வேற மாதிரி பாப்பாங்க. வீடு எங்கயாவது வந்தாகணும்ங்க, ஊர் வளருது. சென்னைப் பெருநகர எல்லைய 1,189 சதுர கி.மீ.ல இருந்து 5,904 ஆக்கி 2022-ல ஆணை போட்டாங்க, இப்ப நம்ம கழுவெளிக்கு நடந்தது அடுத்து காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து ஏரிங்களுக்கு நடக்காம இருக்கணும்னா மேடு எங்க இருக்குன்னு இப்பவே காட்டிக் குடுக்கறதுதான் வழி.

குடுத்துட்டு சும்மா இருக்காதீங்க. அடுத்த மழைக்கு அதே சுவர், அதே கல்வெர்ட், அதே கலங்கல்கிட்ட டேப்போட போய் நில்லுங்க. தண்ணி எவ்வளவு, எத்தனை மணிக்கு, எத்தனை நாள் நின்னுச்சுன்னு எழுதி தேதியோட அதே ஃபைல்ல சேருங்க. அந்த அம்மா வீட்டு சுவத்துல மூணாவது கோடு வந்திருக்கான்னு நாங்க ஒவ்வொரு டிசம்பரும் போய் பாக்கறோம்.